கொச்சிக் கோட்டை – 23: அரசனுக்கு மேல் ஒரு நீதிமன்றம்

1930களில் மட்டாஞ்சேரியில் கிடங்கு வைத்திருந்த ஒரு மிளகு வணிகருக்குப் போர்ட் கொச்சிக்காரர் ஒருவர் பணம் பாக்கி வைத்தால், வழக்கறிஞர் முதலில் யோசிக்க வேண்டியது வழக்கை எந்த நாட்டில் போடுவது என்பதைத்தான். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஆறும் இல்லை, மலையும் இல்லை, நடந்தே போய்விடலாம். ஆனால் போர்ட் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். கோட்டைப் பக்கம் தோற்றவர் மலபார் மாவட்ட நீதிமன்றங்கள் வழியாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்கின் மதிப்பு 10,000 ரூபாயைத் தொட்டால் அதற்கும் மேலே லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கும் போகலாம். மட்டாஞ்சேரிப் பக்கம் தோற்றவருக்கு எர்ணாகுளத்தோடு எல்லாம் முடிந்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி கொச்சி சமஸ்தானத்து நீதிமன்றம் ஒரு வெளிநாட்டு நீதிமன்றம். அதற்கு முன்பே, 1894இல், பஞ்சாபின் பரீத்கோட் ராஜா வழக்கில் பிரிவி கவுன்சில் ஒரு விதியைச் சொல்லியிருந்தது. ராஜா தம் முன்னாள் பொக்கிஷதாரர் மேல் தம்முடைய நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டு, அவர் ஊரை விட்டுப் போய் ஆஜராகாத நிலையில் தீர்ப்பும் வாங்கியிருந்தார். அந்தத் தீர்ப்பு பிரிட்டிஷ் இந்தியாவில் செல்லாது என்று லண்டன் சொன்னது. மட்டாஞ்சேரித் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு போர்ட் கொச்சியில் பணம் வசூலிக்க நினைத்த எவரும் அந்த விதியைக் கடந்தாக வேண்டும்.

ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் எதற்காக இருக்கிறது என்று கேட்டால், வழக்கு ஓர் இடத்தில் முடிந்தாக வேண்டும், அதற்காக என்று பலர் சொல்வார்கள். கீழ் நீதிமன்றங்கள் செய்யும் பிழையைத் திருத்துவதற்கு என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் கொச்சியின் நானூற்றைம்பது ஆண்டுகளைப் பார்த்தால் இரண்டும் போதாது என்று தெரிகிறது. இங்கே கடைசித் தீர்ப்புச் சொல்ல எப்போதும் யாரோ ஒருவர் இருந்தார். போர்ச்சுக்கீசியர் காலத்திலும் இருந்தார், ஒல்லாந்தர் காலத்திலும் இருந்தார், ராஜாவின் அரண்மனையிலும் இருந்தார். பிழை திருத்தும் மேல்முறையீடும் ஓரளவு இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: ஆளுகிறவரையே ஒரு வழக்காடியாக முன்னே நிறுத்தி, அவருக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்லக்கூடிய மன்றம். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரங்களில் வேர் போன்றது இதுதான் என்பது என் வாதம். மற்ற அதிகாரங்கள் இதிலிருந்து கிளைத்தவை.

போர்ச்சுக்கீசியர் 1503இல் இங்கே கோட்டை கட்டினார்கள்; அவர்களுடைய உயர் நீதிமன்றம் 1544இல் கோவாவில் அமைந்தது. கொச்சியில் நியாயம் கிடைக்காதவர் கப்பலேறி வடக்கே போக வேண்டும். 1663இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஊரிலேயே ஒரு நீதிக் குழு உட்கார்ந்தது. அதற்கு மேலே முறையிட வேண்டுமென்றால் ஜாவாவில் இருந்த பத்தாவியா. அந்தக் குழுவின் ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் பெருமதிப்பு, வேறெங்கும் குரல் பதிவாகாத அடிமைகளின் வாக்குமூலங்கள் அவற்றில் இருப்பது. எங்கே பிறந்தோம், யார் பிடித்தார்கள், யாரிடம் விற்றார்கள் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் யார் முன்னால் சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கோட்டையை ஆண்டது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி. மிளகை வாங்கியதும் அதே கம்பெனி. மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியதும் அதே கம்பெனி. நீதிக் குழுவில் உட்கார்ந்ததும் கம்பெனியின் ஆட்கள்தான். ஓர் அடிமையைச் சட்டவிரோதமாகப் பிடித்தார்களா என்று அந்தக் குழு விசாரிக்க முடிந்தது. அடிமை வணிகமே கூடுமா என்று கம்பெனியைக் கேட்க அதற்கு வழியில்லை. பத்தாவியாவுக்குப் போனாலும் அதே கம்பெனியின் இன்னொரு அறைதான்.

கோட்டைக்கு வெளியே மட்டாஞ்சேரியில் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. அங்கே வாழ்ந்த கொங்கணி வணிகர்கள் மேலும், சுற்றுவட்டக் கிறிஸ்தவர்கள் மேலும் நியாயம் விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் கம்பெனிக்கும் கொச்சி ராஜாவுக்கும் நெடுங்காலம் இழுபறி. போர்ச்சுக்கீசியரிடமிருந்து தங்களுக்கு வந்த உரிமை என்றார்கள் ஒல்லாந்தர். என் மண்ணில் குடியிருப்பவர் என் குடிகள் என்றார் ராஜா. 1770களில் கவர்னராக இருந்த அட்ரியான் மோன்ஸ் இதற்காகவே பலமுறை மல்லுக்கட்டினார். இந்த இழுபறியில் கொங்கணியருக்கு ஒரு நன்மை இருந்தது: ஒருவர் நெருக்கினால் மற்றவரிடம் ஓடலாம். 1791இல் அதுவும் குறைந்தது. ராஜா ஆங்கிலக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார்; ஒல்லாந்தரின் கை தளர்ந்திருந்தது. சக்தன் தம்புரான் என்று புகழ்பெற்ற அந்த ராஜாவுக்கும் கொங்கணி வணிகர்களுக்கும் பணம் பற்றிய தகராறு முற்றி, அவர்களின் தலைவர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. கொங்கணியரின் திருமலைக் கோயில் விக்கிரகத்தோடு ஒரு பகுதியினர் திருவிதாங்கூரின் ஆலப்புழைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த விக்கிரகம் கொச்சிக்குத் திரும்பியது 1853இல்.

சக்தன் தம்புரானை இப்படி ஒரு செயலால் மட்டும் அளப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் குற்றவாளிகளை அடக்கியவர், சிற்றரசர்களை ஒடுக்கியவர், திருச்சூரை நகரமாக்கியவர். அவருடைய நியாயத்தைப் பற்றிய கதைகளைக் கொச்சி நாட்டில் இன்றும் சொல்கிறார்கள். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு அதுவே துணை. ஆள்வோர் கொடியவராக இருந்தால்தான் அவருக்கு மேல் நீதிமன்றம் வேண்டும் என்பதில்லை. இரண்டு குடிகளுக்கு நடுவே நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய அரசன், தானே ஒரு தரப்பாகிவிட்ட வழக்கில் அதே நேர்மையோடு இருக்க முடியாது. கொங்கணியரின் குறையைக் கேட்க வேண்டியவரும், அவர்களிடம் பணம் கேட்டவரும், படையை அனுப்பியவரும் ஒருவரே. அன்று அவர்களுக்குக் கிடைத்த ஒரே மேல்முறையீடு அண்டை நாட்டுக்கு ஓடிப்போவது.

அடுத்த நூறாண்டில் சமஸ்தானத்தின் நீதித் துறை வளர்ந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1812இல் ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ முதல்முதலாகப் படிநிலை நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். 1835இல் திவான் எடமன சங்கர மேனோன் காலத்தில், அவற்றில் மேலானதான ஹஜூர் கோர்ட், ராஜாவின் மேல்முறையீட்டு நீதிமன்றமாக மாறியது. 1900இல் அது மூன்று நிரந்தர நீதிபதிகள் கொண்ட தலைமை நீதிமன்றம் ஆயிற்று. 1938இல் அதை உயர் நீதிமன்றமாக்கிய காலத்தில் திவானாக இருந்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். படித்த நீதிபதிகள், எழுதிய சட்டங்கள், ஒழுங்கான மேல்முறையீடு எல்லாம் வந்துவிட்டன. அன்றைய இந்தியாவில் இது சிறிய சாதனை இல்லை. இருந்தும் அந்த நீதிபதிகளை நியமித்ததும் அவர்கள் நடத்தும் சட்டத்தைப் பிறப்பித்ததும் மகாராஜாவின் அரசு. அந்தச் சட்டத்தைவிட மேலான ஒரு சட்டம் இல்லாதபோது, அரசின் ஆணை எதற்கு முரணானது என்று நீதிபதி சொல்வார்?

கோட்டைப் பக்கத்து மக்களுக்கு லண்டன் இருந்ததே, அது ஆட்சியாளரின் கைக்கு எட்டாத நடுநிலை மன்றம் அல்லவா என்று கேட்கலாம். இது கனமான கேள்வி. பிரிவி கவுன்சில் நீதிபதிகளுக்கு உள்ளூர்ச் சாதி, உள்ளூர்ப் பகை எதுவும் தெரியாது. அந்தத் தொலைவே அவர்களுக்கு மரியாதையைத் தேடித் தந்தது. இந்திய வழக்கறிஞர்கள் பலர் அதை உயர்வாகவே நினைத்தார்கள். ஆனால் 10,000 ரூபாய் என்ற வாசற்படியைத் தாண்டி, கடல் கடந்து, ஆங்கில வழக்கறிஞரை அமர்த்தக் கூடியவர் யார்? போர்ட் கொச்சியின் வெளி மைதானத்தருகே ஒல்லாந்தர் காலந்தொட்டுத் துணி வெளுத்துவரும் தமிழ் வண்ணார் குடும்பங்களுக்கு அந்த மன்றம் இருந்தும் இல்லாதது போலத்தான். அதைவிடப் பெரிய குறை, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தந்த அதிகாரத்துக்குள் அரசு போட்ட சட்டம் குடிமகனின் உரிமையை மிதித்தாலும் பிரிவி கவுன்சில் அதைச் செல்லாது என்று சொல்ல முடியாது. உரிமைப் பட்டியல் என்று ஒன்று இருந்தால்தானே அதைக் காப்பது?

அரசுகளே ஒன்றோடொன்று மோதியபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சென்ற இதழ்களில் விரிவாகப் பார்த்த, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய கொச்சித் துறைமுகத்தில், சுங்க வருமானத்தை யார் எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் மூன்றும் 1925இல் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் மூவரில் ஒருவர் மற்ற இருவருக்கும் மேலாதிக்கம் செலுத்தும் பேரரசு. பேச்சு முறிந்தால் கொச்சிக்கு முறையிட நீதிமன்றம் கிடையாது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இத்தகைய தகராறுகளுக்காக ஒரு கூட்டாட்சி நீதிமன்றத்தை வகுத்தது. அது 1937இல் டெல்லியில் தொடங்கவும் செய்தது. ஆனால் அந்தச் சட்டம் எதிர்பார்த்த கூட்டாட்சியில் சமஸ்தானங்கள் சேரவில்லை. அதனால் அவற்றின் தகராறுகள் அந்த நீதிமன்றத்துக்கு வந்து சேரவே இல்லை.

1949 ஜூலையில் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒரே மாநிலமாயின. எர்ணாகுளத்தில் அவற்றுக்குப் பொதுவான உயர் நீதிமன்றம் திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 10 முதல் இந்திய மேல்முறையீடுகள் மேல் பிரிவி கவுன்சிலுக்கு இருந்த அதிகாரம் போயிற்று. 1950 ஜனவரி 28 அன்று, ஒரு காலத்தில் மகாராஜாக்கள் கூடிய நாடாளுமன்றக் கட்டடத்தின் இளவரசர் மன்றத்தில் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. இந்த நாள் கொச்சிக்கு என்ன செய்தது என்பதை இங்கே வரலாறு எழுதுபவர்கள் போதிய அளவு கவனித்ததில்லை. மாநில எல்லைகள் அன்றைக்கு மாறவில்லை. போர்ட் கொச்சி சென்னை மாநிலத்திலேயே இருந்தது, மட்டாஞ்சேரி திருவிதாங்கூர்-கொச்சியில். இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தது 1956 நவம்பர் 1 அன்று. ஒரே மாநகராட்சிக்குள் வந்தது 1967இல். இரண்டு ஊர்களும் முதலில் ஒன்றானது கடைசி நீதிமன்றத்தில்தான். வரைபடம் ஆறாண்டு கழித்துப் பின்னால் வந்தது.

அப்படி ஒன்றானதன் பொருளை உடனே பார்க்க முடிந்தது. 1950 மார்ச் 1 அன்று சென்னை அரசு, பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழ் தன் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை சட்டப்படி போர்ட் கொச்சித் தெருக்களுக்குப் பொருந்தும், மட்டாஞ்சேரிக்குப் பொருந்தாது. இதழின் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று அரசு வாதிட்டது. அடிப்படை உரிமை பறிபோனால் நேராக இங்கே வருவதும் ஓர் உரிமை, அதை 32ஆம் பிரிவு தந்திருக்கிறது என்று சொல்லி, மே 26 அன்று நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. ஓர் அரசு தன் ஆணைக்குக் காரணம் காட்ட வேண்டிய இடம் வந்துவிட்டது. காட்டிய காரணம் போதாது என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் முதல் திருத்தம் கொண்டுவந்து பேச்சுரிமைக்கு மேலும் வரம்புகளைச் சேர்த்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் திருத்தம் எனக்கு உவப்பானதில்லை. ஆனாலும் அரசு வெளிப்படையாக, வாக்கெடுத்து, பெயர் போட்டுச் செய்ய வேண்டியிருந்தது. 1791இல் அந்தக் கட்டாயம் எவருக்கும் இருந்ததில்லை.

மக்கள் தேர்ந்தெடுத்த அரசை, மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் மறிக்கலாமா என்பது பழைய எதிர்ப்பு. அதற்குக் கேரளமே முதல் பெரிய சான்றாகச் சொல்லப்படுகிறது. 1957இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அரசின் கல்வி மசோதாவைக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே 22 அன்று வந்த கருத்து, மசோதாவின் பெரும்பகுதியை ஏற்று, சிறுபான்மையினர் பள்ளிகளின் உரிமையைத் தொடும் சில விதிகளைக் கூடாது என்றது. ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளின் மானிய உரிமையும் அதில் காக்கப்பட்டது. அந்தச் சமூகத்தார் பலர் வாழ்ந்த போர்ட் கொச்சிக்கு இது சொந்தக் கவலை. தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி சிறுபான்மையினர் உரிமையை மீறவில்லை என்று ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். அவர் டி. எல். வெங்கடராம ஐயர், முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் தோய்ந்த அறிஞர் என்று தமிழ் இசை ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அரசை வீழ்த்தியது நீதிமன்றம் அல்ல. திருத்திய மசோதா சட்டமாயிற்று. 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு 356ஆம் பிரிவைக் கொண்டு அமைச்சரவையைக் கலைத்தது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்த அரசு அது. கலைத்தது சரியா என்று கேட்க அன்று நீதிமன்றத்தில் வழி இருப்பதாக யாரும் கருதவில்லை. அந்த வழி 1994இல், பொம்மை வழக்கு எனப்படும் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து 356ஆம் பிரிவின் பயன்பாட்டையும் ஆராய்வோம் என்று சொன்னபோதுதான் முழுமையாகத் திறந்தது. அதற்குள் தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 என்று மூன்று முறை ஆட்சிகள் கலைந்துவிட்டன. தேர்ந்தெடுத்த அரசுகளுக்குத் தீங்கு வந்தது நீதிமன்றம் தலையிட்டதாலா, தலையிடாததாலா என்பதை இந்த ஆண்டுகளை வைத்தே வாசகர்கள் கணக்கிடலாம்.

இதைவிடக் கடினமான எதிர்ப்பு ஒன்று உண்டு. அந்த நீதிமன்றமே ஆட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டால்? நெருக்கடிநிலையின்போது, காரணமின்றிச் சிறைப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொன்ன பிறகு, 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த வாசலை மூடியது. எச். ஆர். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 1 அன்று, கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் போலீஸ் பிடித்துப் போனபின் காணாமற்போனார். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் அமைச்சர்களின் வீட்டுக்கும் முகாம்களுக்கும் அலைந்தார். நெருக்கடிநிலை விலகிய 1977 மார்ச்சில்தான் எர்ணாகுளத்து உயர் நீதிமன்றத்தில் அவருடைய மனு ஏறியது. அந்த வழக்கின் விளைவாக ஏப்ரலில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகன் மட்டும் திரும்பவில்லை. உச்ச நீதிமன்றம் தன் 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பை முறையாகத் தவறென்று தள்ளியது 2017இல். இந்த வரலாறு நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை வைப்பவர்களுக்கு வலிக்க வேண்டியது; எனக்கு வலிக்கிறது. ஆனால் இதிலிருந்து அப்படி ஒரு மன்றமே பயனற்றது என்ற முடிவுக்கு வர முடியாது. அது தன் வேலையைச் செய்ய மறுத்த ஓராண்டில் ஒரு தந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதே அந்த வேலை எவ்வளவு தேவையானது என்பதைக் காட்டுகிறது.

மாநிலங்களுக்கிடையே உள்ள தகராறில் நமக்கு, தமிழ்நாட்டு வாசகர்களுக்கு, நேரடி அனுபவம் உண்டு. 1886இல் திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் அரசும் செய்த முல்லைப் பெரியாறு குத்தகையில் தகராறு வந்தால் நடுவரிடம் போவது என்று எழுதியிருந்தது. 1941இல் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி என்ற நடுவர், அந்த நீரில் மின்சாரம் எடுக்கும் விஷயத்தில் திருவிதாங்கூருக்குச் சாதகமாகச் சொன்னார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்ததால்தான் நடுவர். 2006இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், கேரளச் சட்டமன்றம் சில வாரங்களில் 136 அடிக்கு வரம்பு போட்டுச் சட்டம் திருத்தியது. மாநிலங்களுக்கிடையிலான தகராறை நேரே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழிசெய்யும் 131ஆம் பிரிவின்படி தமிழ்நாடு வழக்குத் தொடுத்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள், ஒரு வழக்கின் தீர்ப்பைச் சட்டமன்றம் சட்டம் போட்டுத் துடைத்துவிட முடியாது என்று அந்தத் திருத்தத்தைத் தள்ளினார்கள். நமக்குச் சாதகம் என்பதால் நான் இதைப் பாராட்டவில்லை. அதே நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் காவிரியில் நமக்குரிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. டெல்டாவுக்கு அது கசப்பான தீர்ப்பு. முதலாவதை ஏற்றவர்கள் இரண்டாவதையும் ஏற்றாக வேண்டும், ஏற்றார்கள். 1925இல் கொச்சி தன்னைவிடப் பல மடங்கு வலியவரோடு பேரம் பேசி வாங்க வேண்டியிருந்ததை, இன்று ஒரு மாநிலம் சமமாக நின்று வழக்காடிப் பெறுகிறது, அல்லது இழக்கிறது.

மீதமிருப்பது தொலைவு. கோவா, பத்தாவியா, லண்டன் என்று அலைந்த ஊருக்கு டெல்லியும் கிட்டத்தில் இல்லை. 2019இல் கொச்சியை ஒட்டிய மரடில் அடுக்குமாடிகளை இடிக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கடலோர விதியை மீறிக் கட்டியதைத் தடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. அனுமதி தந்த உள்ளாட்சியும் அங்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் தங்களை முதலில் கேட்கவில்லை என்று முறையிட்டதைத் தள்ளிவிட முடியாது. தூரத்து மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களிலிருந்து டெல்லிக்குப் போகும் மேல்முறையீடுகளின் விகிதம் குறைவு என்று ஆய்வாளர் நிக் ராபின்சன் காட்டியிருக்கிறார். வழக்கு இல்லாததால் அல்ல, விமானக் கட்டணமும் வழக்கறிஞர் கட்டணமும் இருப்பதால். அரசமைப்புச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி தீர்மானிக்கும் வேறு இடங்களிலும் நீதிமன்றம் அமரலாம் என்கிறது. தெற்கு உள்ளிட்ட நான்கு திசைகளிலும் மேல்முறையீட்டு அமர்வுகள் வேண்டும், அரசமைப்பு வழக்குகள் டெல்லியில் நடக்கட்டும் என்று 2009இல் சட்ட ஆணையம் தன் 229ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டு வந்த மனுவை 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பியது. நீதிமன்றத்தைக் கூறுபோட்டால் அதன் ஒருமை கெடும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் அரசமைப்பு வழக்குகளை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு மற்ற மேல்முறையீடுகளைச் சென்னையில் கேட்டால் எந்த ஒருமை கெடும் என்று இதுவரை யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. போர்ட் கொச்சியிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு ரயில் பயணம். 1862 முதல் இந்தக் கோட்டையின் மேல்முறையீடுகள் போய்க்கொண்டிருந்த ஊரும் அதுதான்.

அடுத்த இதழில்: 1949இல் கொச்சி அரண்மனையின் நிலங்களுக்கும் நிதிக்கும் என்ன ஆயிற்று என்ற கதை.